டாக்டரம்மா வையாத நாட்கள்

இதை எழுதச் சொன்னவர் என் மனநல மருத்துவர். "உங்களை மாதிரி இன்னும் எத்தனையோ டாக்டர்கள் ஒளிஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்காகவாவது எழுதுங்க" என்றார். அப்படி ஒளிந்திருந்த ஒருவரை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். அது பின்னால் வருகிறது. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மைமூன். குழந்தை மருத்துவர். பிறந்தது விருதுநகரில், மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் வீட்டில். கட்டிக் கொடுத்ததும் வத்தல் வியாபாரிக்குத்தான். நெடி எனக்குப் பழக்கம், அதனாலோ என்னவோ வாயும் கொஞ்சம் காரம். சிவகாசியில் எட்டுக் கட்டில் போட்ட கிளினிக் ஒன்றைப் பதினாறு வருடமாக நடத்துகிறேன். வருகிற தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'வையுற டாக்டர்'. எங்கள் பக்கம் திட்டுவதை வைவது என்பார்கள்.

வைவேன், மறுக்கவில்லை. பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டால் வைவேன். காய்ச்சலோடு நாலு நாள் வீட்டில் வைத்திருந்து ஐந்தாம் நாள் தூக்கிவந்தால் வைவேன். பால் புட்டியைப் பையிலிருந்து எடுத்தால் அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போனதில்லை. ஏன் போவதில்லை என்று நானும் யோசித்ததில்லை.

பன்றிக் காய்ச்சல் வந்த வருடம். உலகம் முழுவதும் பரவுகிறது என்று தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரில் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. சீசனில் லீவு போட்டால் கம்பெனியில் அடுத்த நாள் வேலை இருக்காது. அதனால் தாய்மார்கள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார்கள், கையில் அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி மினுங்க, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. முப்பது பேர் உட்காரும் கூடத்தில் நூறு பேர் நிற்பார்கள். இருமல் இல்லாத பிள்ளை ஒன்றுகூட இருக்காது. தொண்டைச் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர நாளாகும். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும், அல்லது ஏறியிருக்கும். எது சாதாரணச் சளி, எது மற்றது என்று நான் நெஞ்சில் குழல் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை.

அப்படி வந்தவள்தான் ரம்யா. ஆனைக்குட்டம், ஆறு வயது. அம்மா பாண்டியம்மாள் தரைச்சக்கரம் சுற்றும் வேலை பார்க்கிறவள். ரெண்டாம் நாள் காய்ச்சல், சளி, நெஞ்சு சுத்தமாக இருந்தது. மருந்து எழுதி அனுப்பினேன். மறுநாள் மதியமே பாண்டியம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ரம்யாவுக்கு மூச்சு இரைத்தது, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினேன். பன்னிரண்டு நாள் அங்கே இருந்து பிள்ளை நன்றாகத் திரும்பிவிட்டாள். வரும் வழியில் பஸ்ஸில் முறுக்கு கேட்டு அழுதாளாம்.

அதாவது பிள்ளை பிழைத்துவிட்டது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பயம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் நான் எதையோ தவறவிட்டேன் என்ற ஒரே எண்ணம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அன்று அவளுக்கு எழுதிய சீட்டின் ஒவ்வொரு எழுத்தும் நினைவிருந்தது. பாண்டியம்மாளிடம் வாயால் என்ன சொல்லி அனுப்பினேன் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றுமே சொல்லாமல் அனுப்பியிருப்பேன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பிறகு சரிபார்க்க ஆரம்பித்தேன். குழந்தைகளுக்கு மருந்து எடைக்கணக்கு. எத்தனை கிலோவோ அதற்குத் தக்க அளவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டேன், பிறகு நாலு தடவை. நோயாளி வீடு போன பிறகு போன் போட்டு, "அஞ்சு மில்லிதானே எழுதியிருக்கு? பாத்துச் சொல்லு" என்று கேட்டேன். வெம்பக்கோட்டையில் ஒரு வீட்டில் போன் எடுக்கவில்லை என்று கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நானே போய் மருந்துப் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில், சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது.

ஒரு நாள் முத்துமாரி என் அறைக் கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள். பத்து வருடமாக என்னோடு இருக்கும் நர்ஸ், கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுவாள்.

"டாக்டரம்மா, நீங்க எம்புட்டு நாளா ஒருத்தரையும் வையலை தெரியுமா?"

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? வெளிய ஒரே அழுகை. டாக்டரம்மா வஞ்சா பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். வையாம சாந்தமா பேசினா கேசு பெருசுன்னு அர்த்தம். இதுதான் இத்தனை வருசமா இவுக கணக்கு. இப்ப நீங்க எல்லாத்தையும் கண்ணு, ராசான்னு பேசி அனுப்புதீக. பாதிப் பேரு இங்க இருந்து நேரா மதுரைக்கு பஸ் ஏறுதாக."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகை வந்தது. வைவதற்கு ஒரு திடம் வேண்டும். நான் சொல்வது சரி என்று எனக்கே நம்பிக்கை இல்லாதபோது யாரை வைவது?

நோன்பு மாதத்தின் நடுவில் ஒரு மதியம், ஒரு கைக்குழந்தையின் நெஞ்சில் குழல் வைத்திருந்தபோது என் நெஞ்சு அடைத்தது. இடது கை மரத்தது, வியர்த்துக் கொட்டியது. மாரடைப்பு என்றே நினைத்தேன். முத்துமாரி குழந்தையை வாங்கி அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் கணவருக்குப் போன் செய்தாள். விருதுநகரில் வத்தல் ஏலத்தில் நின்றிருந்தவர் அப்படியே காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். வழி நெடுக, "நோன்போட இப்படி ஓடினா என்ன ஆகும்" என்று என்னைக் கடிந்துகொண்டும் வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டும் வந்தார்.

நோயாளியாக மருத்துவமனையில் படுத்திருப்பது டாக்டருக்குப் பெரிய தண்டனை. கையில் ஊசி ஏற்ற வந்த பெண்ணுக்கு நரம்பு கிடைக்கவில்லை. கைக்குழந்தைக்கே ஒரே குத்தில் எடுக்கிற எனக்கு, ஊசியைப் பிடுங்கி நானே போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. இசிஜி எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதம் இருக்கிறது, அதை ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தார்கள். ஒலியலையை அனுப்பி இதயம் துடிப்பதைத் திரையில் பார்க்கும் எக்கோ எடுத்தார்கள். மூன்றாம் நாள் டிரெட்மில் என்னும் ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, மூச்சு வாங்கும்போது இதயம் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். தினமும் சாயங்காலம் மாமி, என் கணவரின் அம்மா, நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி விருதுநகரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவார். எனக்கு நோன்பு இல்லையே மாமி என்றால், "கஞ்சிக்கு அது தெரியுமா, குடி" என்பார். அவர் எதிரே உட்கார்ந்திருக்க, குடிப்பேன்.

இதய மருத்துவர் எல்லாக் காகிதங்களையும் அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "டாக்டர், உங்க இதயம் இருபது வயசுப் பொண்ணு இதயம். ரெண்டாவது மாடியில ஒருத்தரைப் பாருங்க."

இரண்டாவது மாடியில் இருந்தது மனநலப் பிரிவு. இதயத்தில் கோளாறு இல்லை என்று கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். மாரடைப்பு என்றால் ஊரே பழத்தோடு வந்து பார்க்கும். இதற்கு யாரிடம் என்ன சொல்வது? லிப்ட்டில் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று பின்பக்கப் படியில் ஏறினேன். முகக்கவசம் மாட்டி, முந்தானையைத் தலையில் நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தேன். அந்தக் காய்ச்சல் செய்த ஒரே நல்ல காரியம், முகத்தை மூடிக்கொண்டு நடந்தால் யாரும் ஏன் என்று கேட்காததுதான்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு ஆள் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். அவருக்கும் முகக்கவசம். எதிரே ஒரு குழந்தை இருமியது. நான் என்னை அறியாமல் அந்தக் குழந்தை மூச்சு விடுவதைக் கடிகாரம் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். நிமிர்ந்தால், அந்த ஆளும் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு கைக்கடிகாரத்தோடு எண்ணிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். கோபால்! என்னோடு குழந்தை மருத்துவம் படித்தவர், அருப்புக்கோட்டையில் கிளினிக் வைத்திருப்பவர்.

"சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்தேன், மைமூன்" என்றார்.

"நானும் மாமியைக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

சித்தப்பாவையும் காணோம், மாமியையும் காணோம். அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். பிறகு அவர் குனிந்தபடியே, "ஸ்டெத்தை எடுத்தா கை நடுங்குது மைமூன்" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆறுதலான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. பாவம், மனிதர் கண் கலங்கிச் சொன்னார், எனக்கோ அப்பாடா என்று இருந்தது.

உள்ளே இருந்த மனநல மருத்துவர் டாக்டர் சாந்தா என்னைவிடப் பத்து வயது இளையவர். முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு இதயத்தை வேகமாக அடிக்கவிட்டு, மூச்சைக் கூட்டித் தயாராகும். ஆபத்து இல்லாதபோதும் அது அப்படித் தயாரானால் அதுதான் பீதித் தாக்குதல். கூடவே மனச்சோர்வும் இருந்தது. பசி, தூக்கம், சிரிப்பு, நம்பிக்கை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோவது. இரண்டுக்கும் ஒரே மாத்திரை, முதல் வாரம் பாதி, பிறகு முழுசு என்று எழுதினார். வேலை செய்ய மூன்று வாரம் ஆகும் என்றார். மருந்தளவை ஒரு தடவைக்கு மேல் சரிபார்க்கக் கூடாது என்று இன்னொரு வைத்தியமும் சொன்னார்.

கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தேன். இரண்டாவது வைத்தியத்தை என் கணவர் கையில் எடுத்துக்கொண்டார். போனை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் கை நீட்டினால், "வத்தலை ஒரு தடவை குலுக்கினா போதும்மா. விதை சலசலன்னா காஞ்சிருக்கு. ரெண்டாவது தடவையும் குலுக்குறவனுக்கு வத்தல் மேல சந்தேகம் இல்ல, தன் காது மேலதான் சந்தேகம்" என்பார். ஏலத்தில் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர். அவர் சொன்னால் கேட்கலாம்.

ஆனால் மூன்று வாரம் கழிந்தும் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. காலையில் எழுந்தால் நெஞ்சு படபடத்தது. சீட்டு எழுதுவதுபோல் நினைத்துப் பார்த்தாலே கை வியர்த்தது. மருந்துக்கும் அடங்காத நோய் எனக்கு என்று தீர்மானித்தேன். ஒரு சாயங்காலம் கணவரிடம், "கிளினிக்கைக் கொடுத்துடலாங்க. என்னால இனி ஒரு பிள்ளைக்கும் மருந்து எழுத முடியாது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கையில் இருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு, "கொடுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றார்.

போனோம். நான் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் டாக்டர் சாந்தா கையை நீட்டினார்.

"மாத்திரை அட்டையைக் காட்டுங்க."

கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"இது இந்நேரம் காலி ஆகியிருக்கணுமே. பாதிக்கு மேல அப்படியே இருக்கு. எவ்வளவு சாப்பிடுறீங்க?"

"கால் மாத்திரை."

"கால் எங்கேயிருந்து வந்துச்சு? நான் எழுதினது முழுசு."

"திடீர்னு முழு டோஸ் கொடுக்க வேண்டாம்னு… சின்ன அளவுல ஆரம்பிச்சு… எப்படித் தாங்குதுன்னு பார்த்து…"

"யாருக்குத் தாங்குதான்னு? உங்களுக்கு வயசு என்ன, மைமூன்? நாலா? அறுபத்தெட்டுக் கிலோ இருக்கீங்க. கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி பிளேடால நறுக்கி நறுக்கிச் சாப்பிட்டுட்டு, மருந்து கேட்கலைன்னு கிளினிக்கை விக்கக் கிளம்பிட்டீங்களா? எழுதிக் கொடுத்ததைச் சாப்பிடாம என்கிட்ட என்ன கேக்குறீங்க?"

இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு அளந்து ஊற்றிய பழக்கத்தில், எனக்கே எனக்கும் அளந்து ஊற்றியிருக்கிறேன். குழந்தை டாக்டரைத் தவிர வேறு எந்த டாக்டரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டார். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்து எனக்கும் சிரிப்பு பீறிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், என்னை ஒருத்தி வைதுவிட்டாள். அவளுக்கு என் மேல் பயம் இல்லை, என் நோய் மேலும் பயம் இல்லை. இவ்வளவு தெம்பாக வைகிறாள் என்றால் என் கேசு பெரிசில்லை. எங்கள் தாய்மார்களின் கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

முழு மாத்திரை சாப்பிட்டேன். தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த வாரத்தில், ஒரு காலையில், பசிக்கிறது என்று நானே சொல்லி நாலு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஐந்தாவதைக் கொண்டுவந்து வைத்தார். கோபால் தினமும் போன் செய்தார். என் கை நடுக்கம் எவ்வளவு, உன் நடுக்கம் எவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசிக்கொண்டோம். அவர் எனக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கைத் திறந்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நானும் திறந்தேன். கூடத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். பெஞ்சுகள் எல்லாம் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தன, இடைவெளி விட்டு. உள்ளே நாலே நாலு நாற்காலி.

"யார் இப்படிப் போடச் சொன்னது?"

முத்துமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நர்ஸ் வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள்.

"கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு ஆளுதான் டாக்டரம்மா. செஞ்ச சரக்கைக்கூட குமிச்சு வைக்கக் கூடாது, அப்பப்ப வெளிய எடுத்துரணும். அங்க ஒரு பொறிக்கே அம்புட்டுச் சட்டம். இங்க நூறு பிள்ளையை ஒரு ரூமுல அடைச்சு வச்சு, ஒத்த ஆளா நீங்க நடுவுல உக்காந்திருந்தீக. வெடிக்காம என்ன செய்யும்? இனிமே நாலு பேருதான் உள்ள. கலெக்டர் பிள்ளையா இருந்தாலும் மரத்தடிதான்."

நோயைப் பற்றி எனக்கு எத்தனையோ பேர் விளக்கம் சொன்னார்கள். இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்கவில்லை.

திறந்த முதல் திங்கட்கிழமை பாண்டியம்மாள் ரம்யாவோடு வந்தாள். வேறு பிள்ளையாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பிள்ளைக்குக் காதில் சீழ், காய்ச்சல். எடை பார்த்தேன், கணக்கைப் போட்டேன், ஒரு தடவை சரிபார்த்தேன். ஒரு மூடி, மூன்று வேளை. சாந்தமாகச் சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை இருவரும் மறுபடி வந்து நின்றார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. எனக்குக் காது அடைத்தது. அதே பிள்ளை. மறுபடியும் தவறவிட்டேன். கணக்கு தப்பு, அளவு தப்பு, நான் திரும்பி வந்ததே தப்பு. நெஞ்சு இறுக ஆரம்பித்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அந்த நேரத்தில் எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. கையை நீட்டினேன்.

"பாட்டிலைக் காட்டு."

பாண்டியம்மாள் மஞ்சள் பைக்குள் துழாவி எடுத்துக் கொடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்று நாளில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்க வேண்டிய மருந்து, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"எம்புட்டுக் குடுத்த?"

"கால் மூடி, டாக்டரம்மா. ஒருக்கா பொழச்சு வந்த பிள்ளை. ஸ்ட்ராங் மருந்து தாங்குமான்னு பயந்து…"

எனக்குள் எங்கேயோ அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டது.

"ஏம்மா, உனக்குக் கூறு இருக்கா? கால் மூடி குடுத்தா காய்ச்சல் போகுமா? எடை பாத்து, கணக்குப் போட்டு எழுதிக் குடுத்தது நானா நீயா? உம் பிள்ளைக்கு எது தாங்கும்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளை காது சீழ் வடிஞ்சு கெடக்கு, நீ தீர்த்தம் மாதிரி துளித் துளியாக் குடுக்குற! இன்னிக்கு ராத்திரியில இருந்து முழு மூடி. ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் இங்கன வந்து நிக்காத, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினேன். நான்தான் இதையெல்லாம் சொன்னேனா? மூன்று வாரம் பிளேடால் மாத்திரை நறுக்கிய நான்?

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் வஞ்சீக, டாக்டரம்மா. நெஞ்சுக்கூடு உள்ள இழுத்தா அடுத்த பஸ்ஸுல இங்க நிக்கணும், கம்பெனி சீசன்னு சாக்கு சொன்னா சும்மா விட மாட்டேன்னு. மறுநாள் லோடு ஏத்துற நேரம். விட மாட்டேன்னாரு போர்மேன். உங்க வசவுக்குப் பயந்துல்லா அந்தாளை மீறி ஓடியாந்தேன். சாயங்காலம் வரைக்கும் பாத்திருந்தா பிள்ளை இல்லைன்னு மதுரையில சொன்னாக."

அன்று நான் வாயால் என்ன சொல்லி அனுப்பினேன் என்று மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது இவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் ரம்யாவின் காதை மறுபடி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. ரம்யா என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்து, "எங்கம்மாவை வையாதீக" என்றாள்.

"உன்னையும் சேர்த்து வைவேன், வாயைத் திற" என்றேன்.

அவர்கள் கதவைத் திறந்துகொண்டு போனார்கள். வெளியே கூடத்தில் நாலு நாற்காலியில் இருந்தவர்கள் பாண்டியம்மாளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன தாயி, டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"வஞ்சுட்டாக!" என்றாள் பாண்டியம்மாள், கூரை அதிர. "ஏ அப்பா, என்னா வசவு!"

கூடத்திலிருந்து அது வாசலுக்குப் போனது, வாசலிலிருந்து வேப்பமரத்தடிக்கு. வஞ்சுட்டாகளாம், வஞ்சுட்டாகளாம் என்று பெஞ்சு பெஞ்சாகக் கேட்டது. மரத்தடியில் யாரோ கை தட்டினார்கள். முத்துமாரி கதவிடுக்கில் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். பல் மட்டும் தெரிந்தது.

ரம்யாவின் சீட்டு மேஜை மேல் இருந்தது. அளவை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கை போனது. எடுத்துக் கோப்பில் வைத்து மூடினேன்.

"அங்கன என்ன இளிப்பு? அடுத்த ஆளை அனுப்பு" என்றேன்.